பன்னிரண்டாவது ஊர்ப்பலகை

இரண்டு பேர் சைக்கிளில் போனால் முன்னால் போகிறவர்தான் வழிநடத்துகிறார் என்றொரு நம்பிக்கை உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. மனித குலத்துக்கு இதனால் விளைந்த கேடுகளை இதுவரை யாரும் தொகுத்து எழுதவில்லை. ஆகவே நானே சொல்லிவைக்கிறேன்: இது பிழை. முன்னால் போகிறவனுக்குத் தெரிவது சாலை மட்டும். பின்னால் வருகிறவருக்குச் சாலையும் தெரியும், முன்னால் போகிறவனும் தெரிவான். அவன் தோள் எந்த மேட்டில் தொங்குகிறது, எந்த வளைவில் கியரை இறக்குகிறான், பிடரி எப்போது வியர்க்கிறது, எல்லாம் தெரியும். வழிநடத்துகிறவர் அவர்தான். முன்னால் போகிறவன் மேய்க்கப்படுகிறான். இந்த உண்மையை அறுபத்திரண்டு வயதில், ஸ்பெயின் நாட்டின் மேற்கு ஓரத்தில், கருவாலி என்கிற ஓக் மரங்களுக்கும் கற்சுவர்களுக்கும் நடுவே ஆளரவமற்ற ஒரு சாலையில், முதுகில் என் சகலையின் பார்வையைச் சுமந்துகொண்டு கண்டுபிடித்திருக்கிறேன். சகலை பெயர் குற்றாலநாதன். என் மனைவி மங்கையர்க்கரசியின் தங்கை திலகவதியைக் கட்டியவர்; தென்காசிக்காரர்; மின்வாரியத்தில் செயற்பொறியாளர்; என்னைவிட ஏழு வயது இளையவர். இப்போதும் என் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி வந்துகொண்டிருக்கிறார். திரும்பிப் பார்க்கவேண்டியதில்லை. அவருடைய செயின் ஓசை எனக்கு மனப்பாடம். நான் மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நிற்கிறது. நான் வேகமெடுத்தால் கொஞ்சம் பொறுத்து அதுவும் வேகமெடுக்கிறது. கடந்த ஊரின் நீரூற்றில் தண்ணீர் பிடித்துக் கிளம்பியபோது மணி ஒன்றரை. அடுத்த ஊர் இருபத்துமூன்று கிலோமீட்டர். அங்கே விடுதிக்காரம்மா பன்றி கலக்காத கொண்டைக்கடலைக் கீரைக் குழம்பு வைத்திருப்பாள், காலையில் தொலைபேசியில் சத்தியம் செய்திருக்கிறாள், ஆனால் மூன்றரைக்கு அடுப்பை அணைத்துவிடுவாள், அதற்கும் சத்தியம் செய்திருக்கிறாள். மூன்று நாளாகக் காய்கறி என்று எழுதிய எல்லாத் தட்டிலும் பன்றி ஏதோ ஒரு மூலையில் ஒளிந்திருந்தது. அந்தக் குழம்பைப் பற்றி நினைத்தாலே கால் தானாக மிதிக்கிறது. மிதிக்கிறது என்பதற்காகச் சந்தேகம் நிற்கிறதா என்றால், இல்லை.

சாட்சியங்களை முறைப்படி எடுத்துக்கொள்கிறேன், முப்பத்தொரு வருடம் கல்லூரியில் வரலாறு நடத்தியவன் வேறெப்படி எடுத்துக்கொள்வான். முதல் சாட்சியம் ஊர்ப்பலகை. பாளையங்கோட்டையிலிருந்து ஒன்பது வருடமாக ஞாயிறுதோறும் நாங்கள் இருவரும் போகும் சவாரியில் ஒரு வழக்கம் உண்டு: ஊர்ப்பெயர்ப் பலகை கண்ணில் பட்டதும் பேச்சு நின்றுவிடும், இரண்டு பேரும் எழுந்து நின்று மிதிப்போம், யார் முதலில் பலகையைத் தாண்டுகிறாரோ அவர் சொல்லும் கடையில்தான் காலைச் சாப்பாடு. ஒன்பது வருடத்தில் நான் தாண்டியது நான்கு முறை. அந்த நான்கிலும் ஒன்றில் அவருக்குச் செயின் கழன்றுவிட்டது, கல்லிடைக்குறிச்சிக்கு முன்னால், கையெல்லாம் கறுப்பு மையோடு வந்து நின்றார், இட்லி தின்னும்போதும் விரல் நுனியில் மை இருந்தது. அப்படிப்பட்டவர் இந்த மூன்று நாளில், பதினோரு ஊர்ப்பலகைகளில், பதினொன்றிலும் எனக்குப் பின்னால். "அண்ணாச்சி, ஸ்பெயின் காத்து உங்களுக்குச் சேந்துட்டு" என்கிறார். காற்று ஒருவனுக்கு மட்டும் சேருமா? இங்கே பலகைகளும் ஒரு மாதிரி. ஊர் தொடங்குமிடத்தில் வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தில் பெயர். ஊர் முடியுமிடத்தில் அதே பெயர், குறுக்கே சிவப்புக் கோடு. வருகைப் பதிவேட்டில் ஒருவன் பெயரை அடிப்பதுபோல. முதல் நாள் இதை ரசித்தேன். இன்று அடித்த பலகை ஒவ்வொன்றையும் கடக்கும்போது பெயரைப் படிக்காமல் தலையைக் குனிந்துகொள்கிறேன். இரண்டாவது சாட்சியம் காற்று. முன்னால் போகிறவன் காற்றைக் கிழிக்கிறான், பின்னால் ஒட்டி வருகிறவருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். அதனால்தான் ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொள்வது சைக்கிள்காரர்களின் தர்மம். ஊரில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று முகத்தில் அறையும்போதெல்லாம் அவர்தான் முன்னால் போவார், தென்காசிக் காற்றில் பிறந்தவன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு. இங்கே ஒருமுறைகூட முன்னால் வரவில்லை. கேட்டால், "நீங்க போங்க அண்ணாச்சி, உங்க முதுகுதான் அகலம்." என் முதுகு மூன்று வருடமாக அதே அகலம்தான். மூன்றாவது சாட்சியம்தான் மிகவும் அருவருப்பானது. இந்த மனிதருக்கு வரலாற்றில் ஆர்வம் வந்திருக்கிறது.

இருபத்தேழு வருடம். எத்தனை பொங்கல், எத்தனை சடங்கு வீடு, எத்தனை பந்தி. நான் வரலாறு என்று வாயைத் திறந்தால் இவர் டி.வி. சத்தத்தைக் கூட்டுவார். அப்படிப்பட்டவர் முதல் நாள் முதல் ஏற்றத்தில், "அண்ணாச்சி, ஒரு நிமிஷம் நிப்பமா? இந்த உருண்டைக் கல்லு என்னது?" என்றார். ரோமானிய மைல்கல். நான் இறங்கினேன். ஆயிரம் இரட்டைத் தப்படி ஒரு மைல் என்பதில் தொடங்கி, ரோமானியர் எல்லாச் சாலையையும் நூல் பிடித்தாற்போல் நேராகப் போட்டார்கள் என்ற கட்டுக்கதையை உடைத்து முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. இவர் கல்லின்மேல் சாய்ந்துகொண்டு கேட்டார். கேட்டார்! அடுத்த ஏற்றத்தில், ரோமானியருக்குப் பின் இந்த நாட்டை ஆண்ட விசிகோத்துகள். அதற்கடுத்த ஏற்றத்தில், "இவ்வளவு அகலமா எதுக்கு அண்ணாச்சி இந்த ஆட்டுத் தடம்?" இலட்சக்கணக்கான ஆடுகள் வருடத்துக்கு இருமுறை இந்தத் தடத்தில் வடக்கும் தெற்குமாக நடந்ததை, கம்பளிக்காரர்களின் சங்கம் அரசர்களையே ஆட்டிவைத்ததை, மேட்டில் நின்றபடி நான் சொன்னேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. நேற்று மாலைதான் ஒன்று உறைத்தது: சமதரையில் இவர் வாயைத் திறப்பதே இல்லை. இறக்கத்தில் ரோமப் பேரரசே குறுக்கே கிடந்தாலும் தாண்டிப் போவார். கேள்விகள் ஏற்றத்தில் மட்டும் பிறக்கின்றன. கேள்விக்கு முன்னால் ஒரு சத்தம் வருகிறது: பீப். இவருடைய ஹேண்டிலில் மாட்டியிருக்கும் சின்னக் கருவியிலிருந்து. பீப், "அண்ணாச்சி, ஒரு நிமிஷம்." காலையில் காபி குடிக்கும்போது அதன் திரையில் 125 என்ற எண்ணைப் பார்த்தேன். என்னவே அது என்று கேட்டேன். "இன்னைக்கு ஏற வேண்டிய உயரம் அண்ணாச்சி, மீட்டர் கணக்கு" என்று சொல்லிக் கருவியைக் கவிழ்த்து வைத்தார். வரைபடத்தை நான் எழுத்தெண்ணிப் படித்திருக்கிறேன். இன்றைய ஏற்றம் நானூற்றுப் பத்து மீட்டர். மின்வாரியத்தில் இருந்துகொண்டு எண்ணில் தவறுகிறவரா இவர்? நான் எங்கே, எந்த வேகத்தில், எவ்வளவு திணறிப் போகிறேன் என்பதெல்லாம் அந்தக் கருவி வழியாகப் பாளையங்கோட்டைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நான் வரம்பு மீறும்போதெல்லாம் அது கத்துகிறது. இவர் என்னை இறக்கி உட்கார வைக்கிறார். வரலாறு என்று ஒரு எலும்பைப் போட்டு.

ஏன் என்றும் எனக்குத் தெரியும். கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பு, அறுபது தாண்டியவர்கள் சும்மா போகக்கூடாது என்று மங்கை பிடிவாதம் பிடித்ததால், இருதய டாக்டரிடம் போனோம். துணைக்கு வந்த குற்றாலநாதனையும் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று அதே நாளில் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மார்பில் வயர்களை ஒட்டி, ஓடுகிற பட்டையின் மேல் ஓடவிட்டார்கள். சுவரில் ஒரு அருவிப்படம். அருவியைப் பார்த்தபடி எங்கும் போகாமல் ஓடினேன். டாக்டர், சின்னப் பையன், என் தாளைப் பார்த்தபடியே, "நல்லாயிருக்கு சார், தாராளமா போயிட்டு வாங்க" என்றார். நிமிர்ந்து பார்க்காமல். நல்ல சேதி சொல்கிறவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வார்கள் என்பது என் அனுபவம். பிறகு நாங்கள் இருவரும் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். மங்கையும் திலகவதியும் மறுபடி உள்ளே போனார்கள். பத்து நிமிடம். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இரண்டு சேலை நிறங்கள் அசையாமல் நின்றன. வெளியே வந்த மங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என்ன என்றேன். "ஏசி ஒத்துக்கல" என்றாள். முப்பத்திரண்டு வருடத்தில் அவளுக்கு ஏசி ஒத்துக்கொள்ளாமல் போன முதல் நாள் அதுதான். குற்றாலநாதன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரத்திலிருந்து குழம்பில் உப்பு குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை திலகவதி வீட்டில் சாப்பிட்டோம், அங்கேயும் குறைந்திருந்தது. சதி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது பாருங்கள், நான் ஒருவேளை சாப்பிடப்போகும் வீட்டில்கூட உப்பு எடுக்கப்பட்டுவிட்டது. விமான நிலையத்தில் மங்கை சொன்னது: "அவசரமே வேண்டாம். ரெண்டு பேரும் பிரியாமப் போங்க. கேட்டியளா, பிரியாம." என்னிடம் சொல்லிவிட்டு அவரைப் பார்த்தாள். அப்படியானால் எவ்வளவு நாள்? டாக்டர் அவர்களிடம் ஒரு எண்ணைச் சொல்லியிருப்பார். வருடமா, மாதமா. அனுப்பிவைத்துவிடுவோம், ஆசைப்பட்டார், பார்த்துவிட்டு வரட்டும் என்று முடிவு செய்திருப்பார்கள். என் குறிப்பேடு பாதியில் இருக்கிறது. இந்த நாட்டுச் சுற்றுலாப் பலகைகளிலுள்ள பிழைகளைத் திருத்தி எழுதுகிற குறிப்பேடு. மூன்று நாளில் நாற்பத்தாறு பிழைகள். முடிக்க ஆளில்லாமல் அது என்னவாகும்? மங்கை அதை அலமாரியில் வைப்பாள். நல்ல பெண். ஆனால் தேதி வரிசைப்படி வைக்கமாட்டாள். இடது மார்புக்குக் கீழே ஏதோ இழுக்கிறது. இல்லை, அது தண்ணீர்ப்பையின் வார். வாரைத் தளர்த்தினேன். இன்னும் இழுக்கிறது. சாலையோரத்துப் பாழடைந்த தேவாலயக் கோபுரத்தின் உச்சியில் கூடு கட்டியிருக்கும் நாரை ஒன்று அலகைத் தட்டுகிறது, தட்டச்சு செய்வதுபோல, யாரைப் பற்றிய அறிக்கையோ. கருவாலி நிழலில் கறுப்புப் பன்றிகள் தலையைத் தூக்கிப் பார்க்கின்றன. அவற்றுக்கும் தெரிந்திருக்கும் போல.

கடைசிப் பெரிய ஏற்றம் வந்தது. நான்கு கிலோமீட்டர், வளைந்து வளைந்து, உச்சியில், ஊருக்கு வெகு முன்பே, அதன் எல்லையில் பன்னிரண்டாவது ஊர்ப்பலகை. இங்கேதான் பொறி வைப்பது என்று கொண்டைக்கடலையின் மேல் ஆணையாக முடிவு செய்திருந்தேன். என்ன கேட்டாலும் நிற்கக்கூடாது. நான் நிற்காவிட்டால் இவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிடலாம். பதறினால், கையைப் பிடித்து இழுத்தால், என் நோய் ஊர்ஜிதம். முதல் வளைவு. இரண்டாவது வளைவில் பீப். எதிர்பார்த்ததுதான். "அண்ணாச்சி... இந்தச் சுவரு... யாரு கட்டினது?" தோட்டத்துக் கற்சுவர். அதைப்பற்றி என்னால் முக்கால் மணி நேரம் பேசமுடியும், சுண்ணாம்பில்லாமல் கல்லைக் கல் தாங்க வைக்கும் முறை, எல்லை வழக்குகள், எல்லாம் நாக்கின் நுனியில் வந்து நின்றது. "தெரியாது வே" என்றேன். வாழ்நாளில் முதல்முறையாக அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது. பின்னாலிருந்து, "தெரியாதா? உங்களுக்கா?" "தெரியாதுன்னா தெரியாது. வாரும், குழம்பு ஆறிரும்." பீப். பீப். "அந்தப் பருந்து... அது என்ன..." "பருந்து இல்ல வே, கழுகு. வரலாறு கிடையாது அதுக்கு." பீப் பீப் பீப். நான் எழுந்து நின்று மிதித்தேன். மூச்சு வாங்கியது, ஆனால் சீராக வாங்கியது, இது எனக்கே வியப்பாக இருந்தது. நோயாளியின் மூச்சு இவ்வளவு ஒழுங்காக இருக்குமா? மூன்றாவது வளைவில் அந்தச் செயின் ஓசை ஒரு முழத்திலிருந்து நாலு முழமாயிற்று, பிறகு ஒரு வீடு தூரமாயிற்று, பிறகு காற்று மட்டும் இருந்தது. நின்றுவிட்டார். நின்று தொலைபேசியை எடுத்திருப்பார். மதினி, அண்ணாச்சி சொல்பேச்சு கேக்க மாட்டங்காரு என்று சொல்லிக்கொண்டிருப்பார். கையும் களவுமாகப் பிடித்துவிடவேண்டும். பலகை கண்ணில் பட்டது. அதற்கு ஒரு சக்கரத் தூரம் முன்னால் இறங்கி, சைக்கிளைச் சாய்த்துவிட்டு, சாலையோரச் சுவருக்குப் பின்னால் போய்க் கீழே எட்டிப் பார்த்தேன். ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர் அந்நிய நாட்டில் சுவருக்குப் பின்னால் ஒளிந்து நிற்பது அழகில்லைதான்.

கீழ் வளைவில் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். தொலைபேசி கையில் இல்லை. பத்து எட்டு வைத்தார், நின்றார். ஹேண்டிலின் மேல் குனிந்து கருவியைப் பார்த்தார். சட்டையின் ஜிப்பை வயிறுவரை இறக்கியிருந்தார். மார்பைச் சுற்றி ஒரு கறுப்புப் பட்டை, வயர்களை ஒட்டிய அதே இடத்தில். அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, வானத்தைப் பார்த்து, வாயால் மூச்சு விட்டார். மறுபடி பத்து எட்டு. அவர் தோள் தொங்கியிருந்தது. மூன்று நாளில் முதன்முறையாக, அவர் என்னைப் பார்க்காமல் நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்று இருபத்தைந்து. அது மேட்டின் உயரமில்லை, என் நாட்களும் இல்லை. நிமிடத்துக்கு அதற்குமேல் அவர் இருதயம் துடிக்கக்கூடாது. டாக்டர் சொன்ன எண். பத்து நிமிடம் டாக்டர் அறையில் இரண்டு பேர் நின்றார்கள். திலகவதி எதற்கு உள்ளே போனாள் என்று நான் ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. என் தாளென்றால் மங்கை போதாதா? மங்கை தங்கைக்காக முகம் துடைத்தாள். திலகவதி வீட்டுக் குழம்பில் உப்பு குறைந்தது அந்த வீட்டுக்காரருக்காக. டாக்டர் என் தாளைப் பார்த்துச் சொன்னதற்குக் காரணம், தாளில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. பிரியாமப் போங்க என்று என்னிடம்தான் சொன்னாள், எனக்குத்தான் வேலை கொடுத்தாள். நான் அதை எனக்குப் போட்ட விலங்கு என்று படித்தேன். மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம் என்று விளக்கத் தெரிந்தவனுக்கு, அந்த மிச்சம் யாருக்கு வேண்டியிருந்தது என்று யோசிக்கத் தெரியவில்லை. மாணவன் எழுதியிருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன். இரண்டு வளைவுகளாக அவர் கேட்டார், நில்லு நில்லு என்று. சுவரைக் கேட்டார், கழுகைக் கேட்டார். நான் தெரியாது என்றேன். என் இருதயம் இப்போதுதான் முறையின்றி அடித்தது. ஓடிப்போய்ச் சைக்கிளை வாங்கிக்கொள்ளலாமா? வாங்கினால் அந்த மனிதர் முகம் என்னவாகும்? இருபத்தேழு வருடச் சகலையை எனக்குத் தெரியும், தன்னை நோயாளி என்று நினைத்து அண்ணாச்சி மெதுவாகப் போகிறார் என்று தெரிந்த மறுநாளே ஊருக்கு விமானம் ஏறிவிடுவார். மேல் வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், நான் பார்க்கக்கூடிய இடம் என்று அவர் நினைத்த இடத்தில், நின்றார். ஜிப்பை ஏற்றினார். முகத்தைத் துடைத்தார். இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். நான் குனிந்து ஓடிவந்து என் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, அதன் முன்னால் குந்திக்கொண்டேன்.

"என்ன அண்ணாச்சி, என்னாச்சு?" மூச்சை அடக்கிச் சிரித்துக்கொண்டே வந்தார். பீப் என்றது கருவி. அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். "செயின் கழண்டுட்டு வே. பலகைக்கு ஒரு சக்கரம் முன்னால. இப்பந்தான் மாட்டினேன். நீரு தாண்டும், பன்னிரண்டாவது உமக்கு." அவர் என் செயினைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்தார். இரண்டு கைகளும் சுத்தமாக இருந்தன. செயின் மாட்டியவன் கையில் மை இல்லாமல் இருக்காது என்பதைக் கல்லிடைக்குறிச்சி இட்லிக்கடையிலேயே எனக்குக் காட்டியவர் அவர். நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன், கொண்டுபோன பிறகுதான் அது இன்னும் மோசம் என்று தெரிந்தது. எங்கோ ஒரு ஆட்டின் கழுத்துமணி குலுங்கியது. "வயசாயிட்டுல்லா அண்ணாச்சி" என்றார் கடைசியில், "செயினுக்கு." "ஆமா வே, செயினுக்குத்தான்" என்றேன். அவர் ஒரு மிதி மிதித்துப் பலகையைத் தாண்டினார். இறக்கத்தில் இருவரும் மிதிக்காமல் பக்கம் பக்கமாகப் போனோம். கீழே ஆறு, ஆற்றின் மேல் கூன் விழுந்த ஒரு கல்பாலம், அதற்கப்பால் மறுபடி ஒரு ஏற்றம், ஏற்றத்தின் முடிவில் ஊர், ஊரின் முதல் வீட்டில் புகைபோக்கியில் புகை, அதுதான் விடுதி. மணி மூன்று பத்து. நேராகப் போனால் பத்து நிமிடம். பாலத்தின் தொடக்கத்தில் சுற்றுலாத் துறையின் பலகை ஒன்று, 'ரோமானியப் பாலம்' என்று. அவருடைய கருவியின் எண் இப்போது எனக்குத் தெரிந்தது, அவர் அதைக் கவிழ்க்கவில்லை: 118. நான் பிரேக்கைப் பிடித்தேன். "வே, இங்கன உக்காரும். இந்தப் பலகையில எழுதியிருக்கது அத்தனையும் தப்பு." "மணி என்னாச்சு பாத்தியளா? உங்க கொண்டைக்கடலை..." "ரோமானியன் கூர்வளைவு வச்சுப் பாலம் கட்டமாட்டான் வே. ஆயிரம் வருஷப் பிழையைச் சாலையில போட்டுட்டுப் போகச் சொல்லுதீரா? உக்காரும்ங்கேன்." அவர் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, முதுகைக் கல்லில் சாய்த்துக்கொண்டார். "சுருக்கமாச் சொல்லுவியளா?" "சொல்லமாட்டேன்." நான் வளைவுகளிலிருந்து தொடங்கினேன். 104. தூண்களின் அடியில் தண்ணீரைப் பிளக்க வைத்த கூர்மூக்குக் கற்களுக்கு வந்தேன். 96. கல்தச்சர்கள் ஒவ்வொரு கல்லிலும் செதுக்கும் தனி அடையாளங்கள், சுங்கம் வாங்கிய ஆயர்கள், ஆடுகள் எண்ணப்பட்ட முறை. 88. அவர் கண்ணை மூடிக்கொண்டு, "அப்போ அந்தச் சுவரு யாரு கட்டினது, தெரியாதுன்னியளே?" என்றார். நான் அந்தச் சுவரையும் சொன்னேன், சுண்ணாம்பில்லாமல் கல்லைக் கல் தாங்குவதிலிருந்து. 79. குறிப்பேட்டில் நாற்பத்தேழாவது பிழையை எழுதிக்கொண்டேன். பாலத்துக்கு அப்பால் ஏற்றத்தில் இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம்.

விடுதிக்குப் போனபோது மணி நான்கே கால். அடுப்பு அணைந்திருந்தது, ரொட்டியும் இரண்டு ஆரஞ்சும் இருந்தன.